பெரியம்மாவுக்கு இந்தப் பியானோ ஆவணப்படத்தைப் போட்டுக் காட்டலாமா?

காட்பாடிவாசி:
என் பெரியம்மாவுக்கு 76 வயது, வேலூரில் ஒரு சர்ச்சில் ரொம்ப வருஷம் பியானோ வாசித்தவர். விரல் மூட்டு வலி வந்ததிலிருந்து தொடுவதே இல்லை, வீட்டுப் பியானோ மேல் இப்போது மாத்திரை டப்பாதான் உட்கார்ந்திருக்கிறது. நியூயார்க் பியானோ கலைஞர் சீமோர் பெர்ன்ஸ்டீன் பற்றி நடிகர் ஈதன் ஹாக் 2014இல் எடுத்த 'சீமோர்: ஆன் இன்ட்ரொடக்‌ஷன்' படத்தைக் காட்டலாம் என்று நினைக்கிறேன். தன்னைவிட மூத்தவர் வாசிப்பதைப் பார்த்து மனசு நொந்துவிடுவாரோ?

பழைய_ரேடியோ:
தாராளமாகக் காட்டுங்கள் தம்பி. அவர் 50 வயதிலேயே, 1977இல், தானாகவே மேடையை விட்டவர். படம் எடுக்கும்போது 85ஐத் தாண்டியாச்சு, ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தார். படத்தின் உயிரே அந்தப் பாடம்தான்: மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைப்பார், கோபமே வராது. பேச்சும் நிதானம்தான், இங்கிலீஷ் புரியும்.

ஆம்பூர்_அக்கா:
ஒன்று மட்டும். கொரியப் போரில் சிப்பாயாக இருந்ததைச் சொல்லும்போது உடைந்து அழுதுவிடுவார். பெரியம்மா தனியாகப் பார்க்க வேண்டாம், கூடவே உட்காருங்கள்.

சுருதிப்பெட்டி:
ஸ்டைன்வே கடையில் பியானோ பியானோவாக வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற காட்சியை விட்டுவிடாதீர்கள். படம் பார்த்த வேகத்தில் பெரியம்மா மூடியைத் திறந்தால் உடனே முழு சுருதிக்கு ஏற்றச் சொல்லாதீர்கள். உள்ளே 200க்கு மேல் கம்பிகள், எல்லாம் சேர்ந்து 15 டன்னுக்கு மேல் இழுத்துக்கொண்டு நிற்கும். நம்ம ஊர் மே மாத வெயிலில் மரம் காய்ந்து, கம்பியைச் சுற்றியிருக்கும் முளை தளரும், ஐப்பசி மழையில் ஊறும். வருஷக்கணக்காகக் கிடந்ததை ஒரே நாளில் முறுக்கினால் கம்பி அறுந்துவிடும், இரண்டு மூன்று தடவையாகத்தான் ஏற்ற வேண்டும்.

காட்பாடிவாசி:
நேற்று ராத்திரி பார்த்தாச்சு. அழவில்லை. ஒரு மாணவர் வாசித்தபோது "பெடலை எடுடா" என்று டிவியைப் பார்த்து ஒரு அதட்டல், அவ்வளவுதான். முடிந்ததும் கேட்டது ஒரே கேள்வி: "தனியா இருக்காரே, அவருக்கு யாருடா சமைச்சுப் போடறாங்க?"