அத்தத்துக்கு முந்தின ராத்திரி ஏற்றிய அப்டேட்

தோவாளையிலிருந்து:

ப்ளகின் அப்டேட் அனுப்பிக் கோட்டை விட்ட கதையை ஆளுக்கொன்று சொல்லலாம் என்றீர்கள். சரி, நானே தொடங்குகிறேன். 2022 ஓணம். எங்கள் ஊர்ப் பூச்சந்தைக்கு அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் தூக்கம் கிடையாது. கிரேந்தி, வாடாமல்லி, சம்பங்கி எல்லாம் மூட்டை மூட்டையாகக் களியக்காவிளை தாண்டிப் போகும். சந்தையில் ஒரு அண்ணாச்சி, வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் அமைத்த தன் தளத்தில் ஆர்டர் எடுக்கிறார். பூ விலை மணிக்கு மணி மாறும். கிலோ விலையை ஓரிடத்தில் போட்டால் கால் கிலோ, நூறு கிராம் விலையெல்லாம் தானே மாறும்படி ஒரு ப்ளகின், அதாவது தளத்தோடு சேர்க்கும் துணை மென்பொருள், எழுதிக் கொடுத்தேன். யாருக்காவது உதவட்டுமே என்று அதை வேர்ட்பிரஸின் பொதுப் பட்டியலிலும் ஏற்றினேன்.

அங்கே ஆய்வு முடிந்து அனுமதி கிடைத்ததும் ஒரு எஸ்விஎன் கிடங்கு, அதாவது நிரல் கோப்புகளைப் பதிப்புவாரியாகச் சேமிக்கும் இடம், தருவார்கள். பதிப்பு எண் மூன்று இடத்தில் ஒத்துப்போக வேண்டும்: முதன்மை பிஎச்பி கோப்பின் தலைப்பு, ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் எந்தப் பதிப்பைக் கொடுப்பது என்று சொல்லும் ‘ஸ்டேபிள் டேக்’ வரி, கிடங்கின் ‘டேக்ஸ்’ பகுதிக்குள் அந்தப் பதிப்புக்கென இருக்கும் ஃபோல்டரின் பெயர். முன்பு ஒருமுறை ரீட்மீயை மறந்து, இரண்டு நாள் யாருக்கும் அப்டேட் போகவில்லை. அதனால் இந்த முறை மூன்று எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்த்தேன்.

கோட்டை விட்டது வேறு இடத்தில். விலைக் கணக்கைத் தனிக் கோப்பாகப் பிரித்திருந்தேன். அந்தப் புதுக் கோப்பை எஸ்விஎன்னில் ‘ஆட்’ செய்யவில்லை. ‘ஸ்டேட்டஸ்’ கட்டளை கொடுத்திருந்தால் பக்கத்தில் கேள்விக்குறி நின்றிருக்கும். ராத்திரி ஒன்பது மணிப் பசியில் யார் பார்த்தார்கள்? என் கணினியில் கோப்பு இருந்ததால் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஊருக்குப் போன ஜிப் பொதியில் மட்டும் அது இல்லை.

வேர்ட்பிரஸ் தளங்கள் நாளுக்கு இரண்டு தடவை அப்டேட் உண்டா என்று விசாரிக்கும். ஆட்டோ அப்டேட் போட்டிருந்தால் யாரையும் கேட்காமல் ஏற்றிக்கொள்ளும். அண்ணாச்சி தளத்தில் அந்தப் பொத்தானை அழுத்தி வைத்தவனும் நான்தான். அதிகாலை நாலு மணிக்கு போன்.

“மக்கா, நம்ம கடையவே காணலியே.”

பதற்றத்தில் ஸ்டேபிள் டேக்கை 1.4.2-இலிருந்து முந்தைய 1.4.1-க்கு இறக்கினேன். இன்னும் ஏற்றாதவர்கள் தப்பித்தார்கள். 1.4.2 ஏறிய தளம் அப்படியே கிடந்தது. கையில் இருப்பதைவிடப் பெரிய எண் வந்தால்தான் அது அசையும். பழைய நிரலையே திரும்ப அனுப்பினாலும் 1.4.3 என்று பெயர் சூட்டித்தான் அனுப்ப வேண்டும். அனுப்பினாலும், விழுந்து கிடக்கும் தளத்துக்கு அதை எடுத்து ஏற்றத் தெம்பு ஏது? ஹோஸ்டிங் வழியாக உள்ளே போய், ப்ளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றித் தளத்தை எழுப்பி, அப்புறம் கையாலேயே புதுப் பதிப்பைப் போட்டேன். அதற்குள் மணி ஆறே முக்கால். அண்ணாச்சி திட்டவில்லை. அந்த ஓணம் முடியும் வரை விலையைக் கரும்பலகையில் எழுதி, அதைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் போட்டார். திட்டியிருக்கலாம்.

2024 ஜூலையில் வந்த வேர்ட்பிரஸ் 6.6 பதிப்பிலிருந்து, ஆட்டோ அப்டேட்டில் ஏறிய ப்ளகின் தளத்தைக் கவிழ்த்தால் வேர்ட்பிரஸே பழையதைத் திரும்ப வைத்துவிடுகிறது. நான் அதை நம்பிப் படுப்பதில்லை. இப்போதெல்லாம் முதலில் டேக் ஃபோல்டரை மட்டும் ஏற்றுவேன். அதைக் கிடங்கிலிருந்தே இறக்கி, வெறும் தளம் ஒன்றில் போட்டுப் பார்ப்பேன். ஓடினால்தான் ட்ரங்கில், அதாவது கிடங்கின் முதன்மை ஃபோல்டரில், இருக்கும் ரீட்மீயைத் தொடுவேன். அத்தம் வந்துவிட்டால் பத்து நாளைக்கு எதையும் தொடுவதே இல்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அண்ணே, நீங்கள் கோப்பை விட்டீர்கள், நான் சாவியை விட்டேன். எங்களுடையது எக்லிப்ஸ் என்ற நிரல் எழுதும் மென்பொருளுக்கான ப்ளகின். அதன் ஜார் கோப்புகளில் (ஜாவா நிரல் பொதிகள்) டிஜிட்டல் கையெழுத்துப் போட்டுத்தான் அப்டேட் தளத்தில் வைப்போம். இல்லாவிட்டால் நிறுவும்போது எச்சரிக்கை வரும், வாடிக்கையாளர் பயந்துவிடுவார். 2023 ஜூனிலிருந்து கோட் சைனிங் சான்றிதழின் (அந்தக் கையெழுத்துக்கான சான்றிதழ்) சாவியை டோக்கன் போன்ற பாதுகாப்பான வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்று விதி வந்ததல்லவா? எங்கள் டோக்கன், பென்டிரைவ் மாதிரி ஒன்று, கொச்சி அலுவலக மேஜை டிராயரில். நான் வீட்டில். அவசரத் திருத்தம் தயாரான அன்றைக்குப் பார்த்து ஹர்த்தால். பஸ் இல்லை, அலுவலகம் பூட்டு. “நாளைக்கு நோக்காம்” என்றார் மேலாளர். வேறென்ன செய்ய, நோக்கிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கையெழுத்துப் போடும்போது டைம்ஸ்டாம்ப், அதாவது நேர முத்திரை, வைக்க மறக்காதீர்கள். அது இருந்தால், சான்றிதழ் செல்லுபடியான காலத்தில் போட்ட கையெழுத்து என்று பின்னாலும் காட்டலாம். எங்கள் பழைய பதிப்பு ஒன்றில் அது இல்லை. சான்றிதழ் காலாவதியான வாரமே போன் அடிக்க ஆரம்பித்தது.

நகரியிலிருந்து:

என்னுடையது சின்ன விஷயம், ஆனால் ஆயுசுக்கும் இருக்கும். விசைத்தறிக் கூலிக் கணக்குக்கு வேர்ட்பிரஸ் ப்ளகின் எழுதினேன். சும்மா அனுப்பிப் பார்ப்போம் என்று ‘தறி டெஸ்ட் டூ’ என்ற பெயரில் போட்டுவிட்டேன். அனுமதி வந்துவிட்டது! வெளியே தெரிகிற பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முகவரியில் வரும் பெயரை அனுமதிக்குப் பிறகு மாற்ற முடியாது. போன வாரம் தறிக்காரர் ஒருவர் கேட்டார்: “தம்பி, டெஸ்ட் எப்ப முடியும்?”