மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நல்ல கிளினிக் எது என்று எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

தோட்டத்துச்செல்வி கேட்டது:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவைத் தோட்டத்திலிருந்து டவுனுக்குக் கூட்டி வருகிறோம். வயது 63, இனிப்புநீரும் பிரஷரும் இருக்கு. இதுவரை தோட்டத்து டிரசர் (மருத்துவ உதவியாளர்) ஐயாகிட்டதான் மருந்து. டவுனில் கவர்மெண்ட் கிளினிக்கும் இருக்கு, தனியாரும் இருக்கு. விசாரித்தால் "அங்கே ஊசி போட்டா உடனே கேட்கும்", "இங்கே காத்திருக்க வேண்டாம்" என்றுதான் சொல்கிறார்கள். வைத்தியம் தரமா இருக்கா என்று நோயாளி பக்கமிருந்து கண்டுபிடிக்க எதைக் கவனிக்கணும்?

பழைய எம்ஏ:
தங்கச்சி, ஊசியையும் காத்திருக்கும் நேரத்தையும் வைத்து வைத்தியத்தை எடை போட முடியாது. அம்மாவுக்கு இருப்பது ஆயுளுக்கும் கூட வரும் நோய். அதனால் ஒரு வருஷத்தில் அந்த கிளினிக் என்னென்ன சோதித்து எழுதி வைக்கிறது என்று பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் எடையும் பிரஷரும் எடுக்கணும். எச்பிஏ1சி என்ற சர்க்கரை ரத்தச் சோதனை 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை. கிட்னிக்கான ரத்தச் சோதனை, சிறுநீரில் புரதம், கொழுப்பு, கண் விழித்திரைப் படம், பாதம் எல்லாம் வருஷத்துக்கு ஒரு முறையாவது. விரலில் குத்திப் பார்ப்பது அந்த நேரத்துச் சர்க்கரையை மட்டும்தான் காட்டும். ரெண்டு நாள் வாயைக் கட்டிவிட்டுப் போனால் நல்ல எண் வந்துவிடும். எச்பிஏ1சி கடந்த ரெண்டு மூணு மாதக் கணக்கைச் சொல்லும், அதை ஏமாற்ற முடியாது.

பாதச் சோதனைதான் பல இடங்களில் விட்டுப்போகும். செருப்பு, காலுறை ரெண்டையும் கழற்றச் சொல்லி, விரல் இடுக்கெல்லாம் பார்த்து, கணுக்காலிலும் பாதத்திலும் நாடி தொட்டுப் பார்க்கணும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா?" என்று கேட்கணும். தோட்டத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டு உழைத்த கால்களில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் வந்ததே தெரியாது. நாற்றம் அடித்த பிறகு வந்தால் விரலை எடுக்க வேண்டியதாகிவிடும்.

பிரஷர் எடுக்கும் முறையிலேயே ஓர் இடத்தின் ஒழுங்கு தெரிந்துவிடும். 5 நிமிஷம் உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்கணும். பேச்சுக் கொடுக்கக் கூடாது. தடிப்பான சட்டைக்கு மேலே பட்டையைச் சுற்றக் கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் ஏறிக் காட்டும். அந்தப் பொய் எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டினால், வயதானவர் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார்.

மெட்ஃபோர்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று கட்டாயம் பார்க்கணும். அதைக் காட்டும் இஜிஎஃப்ஆர் எண் 45-க்குக் கீழே போனால் டோஸைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே நிறுத்துவார்கள். கிட்னியைப் பார்க்காமலே வருஷக்கணக்கில் அதே மாத்திரையைக் கொடுக்கிற இடம் வேண்டாம்.

இன்னொன்று: கவர்மெண்ட் கிளினிக்கில் டாக்டருக்குப் பதில் எம்ஏ (மருத்துவ உதவியாளர்) பார்த்தால் தரம் குறைவு என்று அர்த்தமில்லை. சிக்கலான கேஸை டாக்டருக்கோ குடும்ப மருத்துவ நிபுணருக்கோ அனுப்புகிறாரா என்பதுதான் முக்கியம்.

மருந்தக அக்கா:
அந்த ஊசி விஷயத்தை விட்டுவிடாதீர்கள், டிங்கி (டெங்கு) உள்ள நாட்டில் அது உயிர்ப் பிரச்சினை. காய்ச்சலோடு வந்தவருக்கு டிங்கி இருக்கலாம் என்றால் தசையில் ஊசி போடக் கூடாது. டிக்லோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மருந்துகளும் கூடாது. ரத்தக் கசிவு வரும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமோல் போதும். நல்ல கிளினிக் முதலில் "காய்ச்சல் எத்தனையாவது நாள்?" என்று கேட்கும். ஆரம்ப நாட்களில் டிங்கியைக் கண்டுபிடிக்கும் என்எஸ்1 ரத்தச் சோதனை செய்யும், ரத்த அணுக்களை எண்ணும், மறுநாளும் வரச் சொல்லும். காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதையும் சொல்லி அனுப்பும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், மயக்கம் போன்ற சோர்வு இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு. தோட்டத்து ஆட்களிடம் "என்ன வேலை, எலி நடமாட்டம் உள்ள தண்ணீரில் கால் வைத்தீர்களா?" என்றும் கேட்கணும், எலிக்காய்ச்சலும் இப்படித்தான் தொடங்கும்.

மருந்துப் பையைப் பாருங்கள். நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு, தேதி, கிளினிக் பெயரும் முகவரியும் அச்சிலோ தெளிவான கையெழுத்திலோ இருக்கணும். "மஞ்சள் மாத்திரை மூணு வேளை" என்று மட்டும் இருந்தால், அவசரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்ன சாப்பிட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. சாதாரணச் சளிக்கும் ஒவ்வொரு முறையும் அண்டிபயாட்டிக் வந்தால் ஏன் என்று கேளுங்கள். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகள் மருந்து விலையைக் காட்டி வைக்கணும் என்பது சட்டம். பில்லைப் பிரித்துக் கேட்கவும் தயங்க வேண்டாம்.

கிந்தாக்காரன்:
சுவரையும் பாருங்கள். தனியார் கிளினிக் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் 586-இன் கீழ் பதிவாகியிருக்கணும், சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்கணும். டாக்டருக்கு மலேசிய மருத்துவ மன்றத்தின் தொழில் சான்றிதழ் வேண்டும், அது வருஷா வருஷம் புதுப்பிப்பது. மன்றத்தின் இணையப் பக்கத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். புகார் என்றால் முதலில் அந்த கிளினிக்கிலேயே எழுத்தில் கொடுங்கள். தீராவிட்டால் தனியார் என்றால் மாநிலச் சுகாதாரத் துறையின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவு, கவர்மெண்ட் என்றால் சிஸ்பா என்ற அரசாங்கப் புகார் இணையத்தளம், டாக்டரின் நடத்தை என்றால் மருத்துவ மன்றம்.

செலவையும் பார்க்கணுமே: குடிமக்களுக்குக் கவர்மெண்ட் கிளினிக்கில் மருந்தோடு சேர்த்து 1 வெள்ளிதான் (ரிங்கிட்). குடும்பம் எஸ்டிஆர் என்ற அரசாங்கப் பண உதவி வாங்கினால், 40 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குப் பெக்கா பி40 என்ற அரசாங்கத் திட்டம் வழியாகத் தனியாரிடமும் இலவசப் பரிசோதனை கிடைக்கும். முடிவுகளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டத்துச்செல்வி:
ரொம்ப நன்றி. இனிப்புநீருக்குக் கவர்மெண்ட், அவசரத்துக்குத் தனியார் என்று ரெண்டு இடமும் போகலாமா? முதல் நாள் என்ன கொண்டு போகணும்?

பழைய எம்ஏ:
போகலாம். ஆனால் சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டும் ஒரே இடத்தில் வாங்கணும். குளுக்கோஃபேஜ், டயாபெட்மின் ரெண்டும் மெட்ஃபோர்மின்தான். பெயர் வேறாக இருப்பதால் ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. கிளிக்லாசைட் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை அப்படி இரட்டிப்பானால் சர்க்கரை இறங்கி, வேர்த்து, நடுங்கி, மயக்கமே வந்துவிடும். அதனால் தனியாரிடம் காய்ச்சலுக்குப் போனாலும் மருந்துப் பை முழுவதையும் எடுத்துப் போங்கள்.

முதல் நாளைக்கு டிரசர் ஐயாகிட்ட எழுதி வாங்குங்கள்: என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எப்போதிலிருந்து, கடைசிச் சோதனை எண்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. எச்பிஏ1சி-க்கு வெறும் வயிறு தேவையில்லை. வேறு சோதனைக்குப் பட்டினியாக வரச் சொன்னால், காலை சர்க்கரை மாத்திரையைக் கையில் எடுத்துப் போய், ரத்தம் எடுத்த பிறகு பசியாறும்போது கொடுங்கள்.