மறு: "உயிர்வேதியியல் மீள்நிகழ்வு" – "மறுவேற்றம்" என்று வைக்கலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

புராஸ்டேட் புற்றுநோய் பற்றிய மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து இப்போதுதான் உட்கார்ந்தேன். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் அந்தச் சுரப்பிக்கு என்ன பெயர் என்பதிலேயே நிறைய மடல்கள் போய்விட்டன. "முன்னிற்குஞ்சுரப்பி" எனக்குப் பிடித்த சொல், கிரேக்க மூலத்துக்கும் முன்னால் நிற்பவன் என்றுதான் பொருள். ஆனால் எங்கள் ஈரோட்டுப் பக்கம் புராஸ்டேட் என்றால்தான் புரிகிறது, அதை அப்படியே விட்டுவிடலாம். என் கவலை இந்த வரியைப் பற்றியது:

> சிகிச்சைக்குப் பிறகு பி.எஸ்.ஏ. கூடினால் "உயிர்வேதியியல் மீள்நிகழ்வு" என்றே போடலாம், மூலத்துக்கு நேராக இருக்கிறது.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம், இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துத்தான் நோயைக் கண்காணிக்கிறார்கள். "biochemical recurrence" என்ற ஆங்கில மூலத்துக்கு இது நேராக இருப்பது உண்மைதான் ஐயா. அதை ஒரு நோயாளியின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் வீட்டிலேயே பார்த்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் தாய்மாமன் பவானிப் பக்கம் விவசாயி. 71 வயதில் கண்டுபிடித்தார்கள். பி.எஸ்.ஏ. 34, கிளீசன் (புற்றுத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து அதன் தீவிரத்துக்குத் தரும் மதிப்பெண்) 8, எலும்பு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பி.எஸ்.ஏ. 20-க்கு மேல் போனாலும் கிளீசன் 8 முதல் 10 வரை இருந்தாலும் "அதிக இடர்" வகை என்பார்கள், இவருக்கு இரண்டுமே இருந்தன. கதிர்வீச்சு கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு வருடம் ஹார்மோன் ஊசியும் போட்டார்கள். பி.எஸ்.ஏ. 0.1-க்கு இறங்கியது. ஊசியை நிறுத்தி ஏழெட்டு மாதம் கழித்துப் பார்த்தால் 0.9. அந்த ஊசி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அடக்கி வைப்பது, ஊசி நின்றால் அது மெல்லத் திரும்பும், அதோடு பி.எஸ்.ஏ.வும் கொஞ்சம் ஏறும். கதிர்வீச்சுக்குப் பிறகு எட்டிய மிகக் குறைந்த அளவுக்கு மேல் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் கூடினால்தான் மருத்துவர்கள் அதை மீள்நிகழ்வுக் கணக்கில் சேர்ப்பார்கள். மாமா அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆனால் சிகிச்சை பார்த்த இடத்தில் கையில் கொடுத்திருந்த தமிழ்த் தாளில் "பி.எஸ்.ஏ. உயர்ந்தால் நோய் மீண்டும் வந்துவிட்டது என்று பொருள்" என்று அச்சடித்திருந்தது.

"திரும்பி வந்துருச்சுன்னு போட்டிருக்குது மாப்ள, அப்புறம் மஞ்சள் நட்டு ஆரு வெட்டறது?" என்றார். வைகாசி, ஆனியில் நட்டால் தை, மாசியில்தான் மஞ்சள் வெட்டு. அதுவரைக்கும் இருப்போமா என்ற நம்பிக்கை அவருக்குப் போய்விட்டது. அந்த வருடம் ஒன்றரை ஏக்கர் தரிசாகக் கிடந்தது. அதைவிட மோசம், இனிப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று ஐந்து மாதம் பரிசோதனைக்கே வரவில்லை. நானும் அத்தையும் விடாமல் கூட்டிக்கொண்டு போய் எடுத்துப் பார்த்தால் 0.7. இப்போது மூன்று வருடம் ஆகிறது, கிட்டத்தட்ட அங்கேயேதான் நிற்கிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். "மீள்" என்பதே இந்த இடத்தில் ஆபத்தான அடி. ஊரில் "காய்ச்சலிலிருந்து மீண்டுட்டாரு" என்றால் பிழைத்துவிட்டார் என்று அர்த்தம். இழையில் ஒருவர் "நோய் மீட்சி" என்று எழுதியிருந்தார், முதல் முறை படித்தபோது நான் குணமாவதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரே சொல் குணமானதையும் திரும்பி வந்ததையும் சொன்னால் மருத்துவத் தாளில் அது நிற்காது. ஆங்கிலக் கட்டுரைகளில் வரும் இன்னொரு வழக்கை "உயிர்வேதித் தோல்வி" என்று பெயர்த்திருக்கிறார்கள், அதை ஒரு நோயாளி படித்தால் யாருடைய தோல்வி என்றுதான் கேட்பார். இரத்தத்தில் பார்க்கும் குறியின் ஏற்றம் என்ற பொருளில் வந்த "குறியேற்றம்" என்ற யோசனை அமைப்பில் நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த நோய்க்கு வரும் ஆண்களிடம் "குறி" என்று தொடங்கினால் அவர்கள் நினைப்பது வேறாக இருக்கும், ஏற்கெனவே கூச்சப்பட்டுக்கொண்டு வருகிறவர்கள்.

இதற்கெல்லாம் மேலே, மூலச் சொல்லிலேயே ஒரு மயக்கம் இருக்கிறது. இரத்தத்தில் ஓர் எண் கூடியதையும் நோய் பரவியதையும் நோயால் இறப்பதையும் ஆய்வுகள் தனித்தனியாகவே எண்ணுகின்றன. நார்வே, சுவீடன், டென்மார்க் மூன்றும் சேர்ந்து 875 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஹார்மோன் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 10 ஆண்டுகளில் பி.எஸ்.ஏ. திரும்ப ஏறியது 74.7 சதவீதம் பேருக்கு. அதே 10 ஆண்டுகளில் இந்தப் புற்றால் இறந்தவர்கள் 23.9 சதவீதம். கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களிடம் இந்த இரண்டும் 25.9, 11.9 என்று இறங்கின. கதிர்வீச்சு எவ்வளவு முக்கியம் என்பதை இந்த எண்கள் சொல்கின்றன, அது தனிக் கதை. நான் காட்ட வருவது அந்த முக்கால்வாசிப் பேருக்கும் கால்வாசிக்கும் நடுவே உள்ள தூரத்தை. முக்கால்வாசிப் பேரிடமும் "நோய் திரும்பிவிட்டது" என்று ஒரே சொல்லைச் சொன்னால், அந்த 10 ஆண்டில் இதனால் சாகாதவர்களையும் சேர்த்தே சாகப்போகிறவர்களாக்கி வீட்டுக்கு அனுப்புகிறோம்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து 1999-இல் வந்த கணக்கும் இப்படித்தான். அறுவைக்குப் பிறகு பி.எஸ்.ஏ. ஏறியும் உடனே ஹார்மோன் கொடுக்காமல் கவனித்து வந்தவர்களுக்கு, பரவல் வர இடைநிலை அளவில், அதாவது பாதிப் பேருக்கு வருவதற்கு, 8 ஆண்டு பிடிக்கும் என்று கணக்கிட்டார்கள். அவர்கள் எல்லோரும் அதிக இடர்க்காரர்கள் அல்ல. கிளீசன் 8 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ இரண்டு வருடத்துக்குள் ஏறினாலோ அளவு வேகமாக இரட்டித்தாலோ காலம் குறையும். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதனால் என் முன்மொழிவு: பி.எஸ்.ஏ. மறுவேற்றம். மறு + ஏற்றம். இறங்கிய அளவு மறுபடி ஏறியது, அவ்வளவுதான் அந்தச் சொல் சொல்கிறது. நோய் என்ற சொல் உள்ளே இல்லை, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் கையில் இருப்பது ஓர் இரத்தப் பரிசோதனை முடிவு மட்டும்தான். "உயிர்வேதியியல்" எங்கே என்று கேட்பீர்கள். இரத்தத்தில் தெரிந்தது என்பதைத்தான் அந்த அடைமொழி சொல்கிறது, பி.எஸ்.ஏ. என்று சொன்னதிலேயே அது வந்துவிட்டது. சினைப்பைப் புற்றுக்கு இரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 125 அளவுக்கும் "சி.ஏ. 125 மறுவேற்றம்" என்று அப்படியே நீட்டிக்கொள்ளலாம். முக்கியமாக, "பி.எஸ்.ஏ. மறுக்கா ஏறிருச்சுங்க" என்று நோயாளிகளே சொல்வதற்கு இது பக்கத்தில் இருக்கிறது.

கூடவே வரும் சொற்கள். எட்டிய மிகக் குறைந்த அளவுக்கு "அடிமட்டம்". கிணற்றில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பழகிய எங்கள் ஊர் ஆளுக்கு, அடிமட்டத்திலிருந்து 2 ஏறினால்தான் மறுவேற்றம் என்று ஒரு வரியில் விளக்கிவிடலாம். கதிர்வீச்சுக்குப் பின் சிலருக்குக் கொஞ்சம் ஏறித் தானே இறங்கிவிடும், அது "துள்ளல்". மாமாவுக்கு நடந்ததை அதோடு சேர்க்க மாட்டேன், அது ஊசி நின்றதால் வந்த ஏற்றம். சுரப்பி இருந்த இடத்திலேயே புற்று மறுபடி உறுதியானால் "மறுமுளை", வேறு இடத்துக்குப் போனால் "பரவல்". "மறுதாம்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார், அழகான சொல், ஆனால் மறுதாம்புக் கரும்பு வெட்டிய அடியிலிருந்து நாம் வேண்டும் என்று விட்டு வளர்ப்பது, புற்றுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவர் ஒருவர் தனிமடலில், இப்படி மென்மையாகச் சொன்னால் நோயாளி அலட்சியமாகிவிடுவாரே என்று கேட்டிருந்தார். எனக்கு நேர் எதிராகத்தான் தோன்றுகிறது டாக்டர். அறுவை செய்துகொண்டவர்களுக்கு 0.2-ஐத் தாண்டினால் மறுவேற்றம் என்கிறீர்கள், 0.5-க்குள் இருக்கும்போதே கதிர்வீச்சு கொடுத்தால் நல்ல பலன் என்றும் நீங்கள்தான் சொல்கிறீர்கள். அந்த நேரத்தில் ஆள் பயந்து வீட்டில் படுத்துவிட்டால் அந்த வாய்ப்பே போய்விடும். "ஏறியிருக்கிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்கணும், வாங்க" என்று கூப்பிட ஒரு சொல் வேண்டும், அதைத்தான் கேட்கிறேன்.

சேலத்தில் 1916-லேயே ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்கென்று சங்கம் வைத்து வேலை செய்தார்கள். அந்த ஊருக்கு இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்துகொண்டு இந்த ஒரு சொல்லை நாம் சரியாகச் செய்துவிட முடியும் என்று நம்புகிறேன்.

இரண்டு விஷயங்களில் உங்கள் கருத்து வேண்டும். மறுஏற்றம் என்று பிரித்தே எழுதலாமா, இல்லை மறுவேற்றம் என்று சேர்ப்பதா? எனக்குச் சேர்த்தால் வாய்க்கு எளிதாக இருக்கிறது, ஆனால் தாளில் படிக்கும் வயதானவர்களுக்குப் பிரித்தால் தெளிவோ என்ற தயக்கமும் இருக்கிறது. இன்னொன்று, யாழ்ப்பாணம், மலேசியா நண்பர்கள் சொல்ல வேண்டியது: "அடிமட்டம்" உங்கள் பக்கம் தாழ்வான பொருளில் மட்டும் வழங்குகிறதா? அப்படியானால் "தாழ்மட்டம்" என்று மாற்றிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால், மாமாவுக்குக் கொடுத்த அந்தத் தாளைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் சேர்த்துவிடுவேன்.