கிராமத்துச் சட்டமன்ற உறுப்பினர்களும் அந்த "வெறும்" ஐந்நூறு டாலரும்

புல்வெளியார்:
நண்பர் வேப்பமரத்தடி நேற்று இன்னோர் இழையில் எழுதிய வரி என்னைத் தூங்கவிடவில்லை. "அமெரிக்காவில் ஊழல் வாஷிங்டனிலும் சிகாகோவிலும் நடப்பது, சோளமும் புகையிலையும் விளையும் மாநிலங்களில் சட்டமன்றத்துக்குப் போகிறவர்கள் எளிய மனிதர்கள், கென்டக்கியில் பிடிபட்டதே வெறும் ஐந்நூறு டாலர்" என்று எழுதியிருந்தார். கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில் 22 ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1992 மார்ச் 31 அன்று மாநிலத் தலைநகரான பிராங்க்ஃபோர்ட்டின் சட்டமன்றக் கட்டடத்துக்குள் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் நுழைந்தபோது வெளிப்பட்ட அந்தப் புலனாய்வுக்கு "பாப்டிராட்" என்று பெயர். வணிக நிறுவனங்களையும் தொழில்களையும் கவனிக்கும் சட்டமன்றக் குழுவின் முதலெழுத்துகளோடு, வண்டிப் பந்தயக் குதிரையின் நடையைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து வைத்த பெயர் அது. பந்தய மசோதாக்களில் தொடங்கிய அந்த லஞ்ச விவகாரத்தில், இந்நாள் முன்னாள் உறுப்பினர்கள் 15 பேர் குற்றவாளிகள் ஆனார்கள். அவர்களுள் அவைத்தலைவர் டான் பிளாண்ட்ஃபோர்டும் ஒருவர். இதில் "வெறும்" என்ற சொல் எங்கிருந்து வந்தது?

வேப்பமரத்தடி:
தங்களுக்குத் தூக்கம் கெட்டதற்கு வருந்துகிறேன் ஐயா. லெக்சிங்டன் நகரவாசியான தாங்கள் கிராமத்தைப் பற்றிப் பாடம் எடுப்பதை, மேற்குக் கென்டக்கியில் புகையிலைக் கொட்டகைகளுக்கு நடுவே 14 ஆண்டுகளாக வாழ்கிற நான் பொறுமையோடு வாசித்தேன். ஒரு ஜனவரியில் என் வண்டி பனியில் வழுக்கி வாய்க்காலில் இறங்கியபோது, தன் டிராக்டரைத் தானே ஓட்டிவந்து, சங்கிலியை மண்டியிட்டு மாட்டி இழுத்துவிட்டவர் எங்கள் பகுதிச் சட்டமன்ற உறுப்பினர். அவர் யார் என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. தேர்தல் பலகையில் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இப்படிப்பட்டவர்களை ஐந்நூறு டாலரைக் காட்டி ஒட்டுமொத்தமாகத் திருடர் என்பது நியாயமா? கோடிக்கணக்கில் சுருட்டியவன் ஐந்நூறுக்குக் கைநீட்டுவானா? அந்தத் தொகையே அவர்களுடைய எளிமைக்குச் சாட்சி.

புல்வெளியார்:
டிராக்டர் சாட்சி சொல்லாது ஐயா. நான் கேட்டது பிராங்க்ஃபோர்ட்டில் நடந்ததைப் பற்றி. பிளாண்ட்ஃபோர்ட் வாங்கியது ஐந்நூறு அல்ல, மூன்று முறை ஐந்நூறு. எஃப்.பி.ஐ.க்காக உடலில் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்துக்கொண்டு போன ஜே ஸ்பரியர் என்ற பந்தயத்துறைத் தரகர், அதாவது அத்துறைக்காகச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டுபவர், நோட்டுகளை நீட்டியபோது, அவைத்தலைவர் திகைக்கவில்லை, திருப்பித் தரவில்லை. நன்றி சொல்லும் பாவனையில் "பிளெஸ் யுவர் ஹார்ட்" என்று, "உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும்" என்ற பொருளில் ஒரு வாழ்த்தை உதிர்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். மாநிலம் முழுவதும் அந்த வாழ்த்து நெடுநாள் கேலிப்பேச்சாக இருந்தது. 1993-இல் அவருக்குக் கிடைத்த தண்டனை 64 மாதங்கள். மூன்று முறை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

தாழம்பூ:
இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். அந்த வாழ்த்தைப் புல்வெளியார் மொழிபெயர்த்த விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்கத் தெற்கில் அது இரக்கம், நன்றி, ஏளனம் ஆகிய மூன்றுக்கும் ஒரே வாயிலிருந்து வரும் சொல். "நல்லா இருங்க" என்பதே அதற்கு நெருங்கிய தமிழ். புண்ணியம் என்ற சொல்லைப் போட்டதும் லஞ்சம் தானமாகிவிடுகிறது. வேப்பமரத்தடி ஐயாவின் வாதத்துக்குத் தாங்களே முட்டுக்கொடுத்திருக்கிறீர்கள்.

கணக்கன்:
எண்களைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. கென்டக்கியில் கீழவையில் 100, மேலவையில் 38, ஆக 138 இடங்கள். தண்டிக்கப்பட்ட 15 பேரில் முன்னாள் உறுப்பினர்களும் இருப்பதால், 138-இல் 15 என்று வகுத்துப் பத்தில் ஒருவர் திருடர் என்று எழுதுவது தவறான கணக்கு. புல்வெளியார் போன ஆண்டு இழையிலும் இதே வகுத்தலைச் செய்து, நான் திருத்தியதும் காணாமல் போனார். கூடவே ஒன்று: அவைத்தலைவரின் ஊரான பில்பாட், ஓவன்ஸ்பரோ நகருக்கு அருகில்தான் இருக்கிறது. அதை முழுக் கிராமம் என்று கொள்ளலாமா என்பதே எனக்கு ஐயம்.

புல்வெளியார்:
இந்த இழையில் நான் வகுக்கவே இல்லை கணக்கன் அவர்களே. தாங்களே வகுத்து, தாங்களே திருத்தி, தாங்களே வெற்றியும் பெற்றிருக்கிறீர்கள், வாழ்த்துகள். போன ஆண்டு நான் காணாமல் போகவில்லை, என் தாயார் மருத்துவமனையில் இருந்தார். மூன்று முறை ஐந்நூறு என்பதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வேப்பமரத்தடி:
தாயாரின் உடல்நலத்துக்கு வேண்டுகிறேன், அது வேறு. ஆனால் ஊதியத்தைப் பற்றி ஐயா வாய் திறக்கவில்லையே. நியூ மெக்சிகோவில் உறுப்பினருக்குச் சம்பளமே இல்லை, நாட்படிதான். நியூ ஹாம்ப்ஷையரில் ஆண்டுக்கு 100 டாலர். தெற்கு டகோட்டாவில் நெடுங்காலம் 6,000 டாலர். கடையையும் பண்ணையையும் பூட்டிவிட்டு வருகிறவரிடம் தரகர் இரவு உணவு வாங்கித் தந்தால் அதை ஊழல் என்று ஊதிப் பெருக்குவது நகரத்தாரின் வழக்கம். தாங்கள் அடிக்கடி எடுத்துவரும் அலாஸ்காவையும் நானே சொல்லிவிடுகிறேன்: எண்ணெய் வரி மசோதா தொடர்பான லஞ்ச விவகாரத்தில் அங்கே சட்டமன்ற உறுப்பினர்களாக இருந்த பீட் காட், விக் கோரிங் இருவர் மீதான தீர்ப்புகளும் 2011-இல் ரத்தாயின. அரசுத் தரப்பே சான்றுகளை மறைத்தது. எனவே திருடர் யார்?

புல்வெளியார்:
பாதிக் கதையைச் சொல்வதில் ஐயாவை வெல்ல ஆளில்லை. ரத்தானது உண்மை, அரசுத் தரப்பு சான்றுகளை மறைத்தது வெட்கக்கேடு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அதே 2011-இல் அந்த இருவரும் மறுவிசாரணைக்கு நிற்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள் என்பதை ஏன் விழுங்கினீர்கள்? சாலையில் சென்றடைய முடியாத ஜூனோ என்ற தலைநகரில், எண்ணெய்த் துறைச் சேவை நிறுவனமான வீகோவின் தலைவர் பில் ஆலன் விடுதி அறையில் உட்கார்ந்துகொண்டு சட்டமன்ற உறுப்பினர்களை வரவழைத்த காட்சிகள் எஃப்.பி.ஐ. ஒளிப்பதிவில் இருக்கின்றன. கோரிங் அலாஸ்காவின் வசில்லா என்ற சிற்றூர்க்காரர். தன் கடன் அட்டையில் 17,000 டாலர் பாக்கி என்று புலம்பியவர். பத்திரிகையாளர் கண்ணுக்கும் வாக்காளர் கண்ணுக்கும் எட்டாத தலைநகரங்களில் ஊழல் கூடுகிறது என்று கம்பாந்தே, டோ என்ற இரு பொருளியலாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. தாங்கள் போற்றும் அந்த ஒதுக்குப்புறம்தான் நோய்க்கூடு.

தெற்கு டகோட்டாவில் 2016 நவம்பரில் மக்களே வாக்களித்து, தரகர் பரிசுகளைக் கட்டுப்படுத்தி, நெறிமுறை ஆணையம் ஒன்றையும் உருவாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். தங்கள் எளிய மனிதர்கள் 2017 பிப்ரவரியில், மீண்டும் மக்கள் வாக்குக்கு அது போகாதபடி நெருக்கடிநிலைப் பிரிவைச் சேர்த்து, அதை நீக்கினார்கள். திருடத் தெரியாதவருக்கு இவ்வளவு அவசரம் எதற்கு?

வேப்பமரத்தடி:
அந்தச் சட்டத்தை நீதிமன்றம் முன்பே நிறுத்தி வைத்திருந்தது. அதே ஆண்டில் பொறுப்புடைமை வாரியம் ஒன்றும் அமைக்கப்பட்டது. பாதிக் கதை சொல்வது யார் என்று வாசிப்பவர்கள் முடிவு செய்யட்டும். ஐந்நூறு டாலர் என்பதில் எனக்கு மாற்றமில்லை. மூன்று முறை என்றாலும் ஒவ்வொரு முறையும் ஐந்நூறுதான்.

தாழம்பூ:
அந்த வாழ்த்துக்கான தமிழ் பற்றி இன்னும் யாரும் விளக்கம் தரவில்லை.

கணக்கன்:
ஒவ்வொரு முறையும் ஐந்நூறு என்பது 1,500 ஆகும். இதைச் சொல்ல என்னைப் போன்ற ஒருவன் தேவைப்படுவது வருத்தமாக இருக்கிறது. பில்பாட் பற்றிய என் ஐயத்துக்கு யாரேனும் பதில் சொல்வார்களா?

புல்வெளியார்:
பில்பாட் எந்த ஊருக்கு அருகில் இருந்தால் என்ன, அவர் கைநீட்டியது பிராங்க்ஃபோர்ட்டில்! கென்டக்கியே தன் தவற்றை ஒத்துக்கொண்டு 1993-இல் சட்டமன்ற நெறிமுறை ஆணையத்தை அமைத்தது. மிச்சமிருந்த விலக்கையும் 2014-இல் எடுத்துவிட்டு, தரகரிடம் ஒரு கோப்பை காப்பிகூட வாங்கக்கூடாது என்று ஆக்கியது. ஐந்நூறு டாலர் சின்ன விஷயம் என்று அந்த மாநிலம் நினைத்திருந்தால், காப்பிவரை இறங்கி வந்திருக்குமா? வேப்பமரத்தடி ஐயா, தங்களை இழுத்துவிட்டவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அவர் காப்பிக்குத் தன் காசைத்தான் கொடுக்கிறார்.

வேப்பமரத்தடி:
கேட்க வேண்டிய அவசியமில்லை. அவர் தேநீர் மட்டுமே குடிப்பவர்.

புல்வெளியார்:
மூன்று முறை, ஐயா. மூன்று முறை.