ப்ராசஸ் இம்ப்ரூவ்மென்ட்டுக்கு ஸ்க்ரம் வச்சு ஓட்டுறோம், ஸ்பிரின்ட் முடியுது வேலை முடியல, உதவுங்க

எங்க ஆபீஸ்ல ப்ராசஸ் சரி பண்ற குழுல இருக்கேன். மொத்தம் ஆறு பேர், யாருக்கும் இது முழுநேர வேலை கிடையாது, அவங்கவங்க ப்ராஜெக்ட் பாத்துட்டு வாரத்துல ஒரு நாள் இதுக்கு ஒதுக்கணும்னு பேச்சு. முன்னாடில்லாம் வருஷ ஆரம்பத்துல பெரிய பிளான் போட்டு, வருஷ கடைசில ஒரு கட்டு டாக்குமென்ட் விடுவாங்க, யாரும் தொடக்கூட மாட்டாங்க. அதனால இந்த தடவ அஜைல்ல (வேலைய சின்ன சின்னதா பிரிச்சு அடிக்கடி முடிச்சு காட்டுற முறை) பண்ணுவோம்னு நான்தான் கேட்டு வாங்குனேன். அதுல ஒரு வகையான ஸ்க்ரம்படி, ரெண்டு வார ஸ்பிரின்ட் (இதுக்குள்ள இத முடிப்போம்னு எடுத்துக்கிற காலம்), டெய்லி 15 நிமிஷ ஸ்டாண்டப் மீட்டிங், முடிச்சத காட்டுற ரிவியூ, எப்படி வேலை செஞ்சோம்னு பேசுற ரெட்ரோ எல்லாமே நடக்குது.

4 ஸ்பிரின்ட் ஓடிருச்சு. 14 ஐட்டம் எடுத்ததுல 3தான் முடிஞ்சுது, மீதி 11ம் பாதில நிக்குது. ஸ்டாண்டப்ல பாதி பேர் "நேத்து இதுல ஒண்ணும் பண்ணல, ப்ராஜெக்ட்ல ரிலீஸ்"னுதான் சொல்றாங்க. ஸ்பிரின்ட்ட நீளமாக்கணுமா?

பதில் 1:
நாலு வாரமாக்கி பாருங்க, ஸ்க்ரம் கைடு ஒரு மாசம் வரைக்கும் ஒத்துக்குது. ஸ்டாண்டப்பும் வாரம் ரெண்டு நாள் போதும், வேலையே செய்யாத நாள்ல கூடி என்ன பேசுறது.

பதில் 2:
நாலு வாரமாக்குனா 11 பாதி வேலை 20 பாதி வேலையாகும், அவ்ளோதான். ஸ்பிரின்ட்னா "இத்தன நாள்ல இத முடிப்போம்"னு குழு கணிச்சு சொல்லணும், உங்க ஆளுங்க நேரம் அவங்க கைலயே இல்ல, எப்படி சொல்வாங்க. ஸ்பிரின்ட்ட விட்டுட்டு கான்பானுக்கு (ஒரே நேரத்துல கைல இத்தன வேலைதான்னு அளவு வச்சு ஒண்ணொண்ணா முடிக்கிற முறை) மாறுங்க. லிட்டில்ஸ் லா ஒண்ணு இருக்கு, ஜான் லிட்டில் 1961ல நிரூபிச்சது, கைல நிக்கிற வேலைய முடியுற வேகத்தால வகுத்தா ஒரு வேலை முடிய சராசரியா எவ்ளோ நாளாகும்னு வரும். உங்களுக்கு 8 வாரத்துல 3, கைல 11, வகுத்தா சுமார் 29 வாரம். ஒரே நேரத்துல 3 மட்டும் எடுங்க, ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்து பண்ணுங்க, ஒருத்தர் ப்ராஜெக்ட்ல மாட்டுனாலும் வேலை நிக்காது. ஒண்ணு முடியாம அடுத்தத தொடவே கூடாது.

கேட்டவர்:
29 வாரமா... இந்த கணக்க நாங்க போட்டே பாக்கல. இன்னொண்ணும் சொல்லணும், அந்த முடிஞ்ச 3ம் (கோட் ரிவியூ செக்லிஸ்ட், எஸ்டிமேஷன் டெம்ப்ளேட், ப்ராஜெக்ட் நடுவுல மாத்தம் கேட்டா என்ன பண்ணணும்னு சொல்ற சேஞ்ச் ரிக்வெஸ்ட் ப்ரொசீஜர்) போர்ட்டல்ல ஏத்தியாச்சு, ஆனா டீம்ல யாரும் எடுத்து பாக்கல. மனசு விட்டுப்போச்சு.

பதில் 3:
உண்மையான பிரச்சினை இதுதாங்க. உங்க பேக்லாக்ல (செய்ய வேண்டிய வேலை லிஸ்ட்) இருக்கிறது பூரா டாக்குமென்ட் பேரு. "சேஞ்ச் ரிக்வெஸ்ட் ப்ரொசீஜர் எழுதணும்"னு எழுதுனா எழுதி முடிச்சதும் டன் ஆயிரும். அதையே "சேஞ்ச் ரிக்வெஸ்ட் அப்ரூவல் ஆக ரெண்டு வாரம் ஆகுது, அதுவரைக்கும் டெவலப்பர் சும்மா காத்திருக்கார்"னு எழுதி பாருங்க, அப்ப ப்ரொசீஜர் தேவையா இல்ல ஒரு கையெழுத்த எடுத்துட்டாலே போதுமான்னு யோசிக்கத் தோணும். 2001ல வந்த அஜைல் மேனிஃபெஸ்டோ ஓடுற சாஃப்ட்வேருக்குதான் டாக்குமென்ட்ட விட மதிப்பு குடுத்துச்சு, நம்ம வேலைல ஓடுற சாஃப்ட்வேர்னா டீம் நிஜமாவே பண்ற பழக்கம்தான், போர்ட்டல்ல கிடக்குற ஃபைல் இல்ல.

எங்க டீம்ல டன் டெஃபினிஷன், அதாவது ஒரு வேலை எப்ப முடிஞ்சதா அர்த்தம்ங்கிறத, இப்படி மாத்துனோம்: முதல்ல பயன்படுத்தி பாக்குற ஒரு பைலட் டீம் நாங்க பக்கத்துல இல்லாம ரெண்டு தடவ பயன்படுத்தியிருக்கணும், முன்னாடி எவ்ளோ நாள் ஆச்சு இப்ப எவ்ளோ ஆகுதுன்னு நம்பர் இருக்கணும். ரிவியூக்கும் மேனேஜர கூப்பிட்டு ஸ்லைடு காட்டுறத நிறுத்திட்டு அந்த பைலட் டீமயே பேச விட்டோம். முதல் தடவ ஒரு டெஸ்டர் 40 வரி செக்லிஸ்ட்ல 9 வரிதான் உருப்படியா இருக்குன்னு சொல்லி மீதிய அடிச்சு குடுத்தாங்க, எழுதுனவங்களுக்கு வலிச்சுது, ஆனா அந்த 9 வரிதான் இன்னிக்கும் ஓடுது.

ப்ராடக்ட் ஓனர், அதாவது எந்த வேலை முதல்லன்னு வரிசை போடுறவர், யாரு உங்களுக்கு? குவாலிட்டி ஹெட்டுன்னா அவர் ஆடிட்ட நினைச்சுதான் வரிசை போடுவார். டெலிவரி பக்கம் அந்த வலிய அனுபவிக்கிற ஒருத்தர உக்கார வைங்க.

கேட்டவர்:
குவாலிட்டி ஹெட்தான். ஆடிட்டுக்கு ஆதாரம் வேணுமே, டாக்குமென்ட் இல்லாம எப்படி?

பதில் 4:
வேணாம்னு யாரும் சொல்லல, பைலட் முடிஞ்சப்புறம் எழுதுங்க, ஒரு பக்கத்துல முடிஞ்சிரும். கம்பெனியோட ப்ராசஸ் எவ்ளோ நல்லா இருக்குன்னு மதிப்பிடுற சிஎம்எம்ஐ மாதிரி மாடல் என்ன நடக்கணும்னுதான் கேக்குது, இந்த வழிலதான் பண்ணணும்னு கட்டாயப்படுத்தல, போர்டு, ரெட்ரோ நோட்ஸ், பைலட் நம்பர் எல்லாமே ஆதாரமா காட்டலாம். அப்புறம் ப்ராஜெக்ட் டீம்ஸோட ரெட்ரோ நோட்ஸ வாங்கி படிங்க. மூணு டீம்ல ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தா அதுதான் உங்க அடுத்த ஐட்டம்.

கேட்டவர் (அஞ்சு வாரம் கழிச்சு):
11ல 8ஐ பேக்லாக்குக்கே திருப்பி அனுப்பிட்டோம், ஹெட் கோவப்பட்டார், லிட்டில்ஸ் லா கணக்க போர்டுல எழுதி காட்டுனதும் ஒத்துக்கிட்டார். சேஞ்ச் ரிக்வெஸ்ட்ட ஒரு டீம்ல பைலட் விட்டோம், நாலு அப்ரூவல்ல ரெண்ட எடுத்தோம், 12 நாள் ஆனது இப்ப 4 நாள். எஸ்டிமேஷன் டெம்ப்ளேட்ட பைலட் டீம் வேணாம்னுட்டாங்க, எடுத்துட்டோம். நேத்து இன்னொரு டீம் லீட் தானா வந்து அந்த சேஞ்ச் ரிக்வெஸ்ட் முறைய எங்களுக்கும் குடுங்கன்னு கேட்டார், இந்த குழு ஆரம்பிச்சதுலேர்ந்து ஒருத்தர் தானா வந்து கேட்டது இதுதான் முதல் தடவ. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.