ரூப்ரிக் என்பதற்குத் தமிழ்ச்சொல்: அளவுகோலா, நிரலா?

திண்டுக்கல்லிலிருந்து:

குழும அன்பர்களுக்கு வணக்கம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக, மாணவர் கட்டுரைகளை மதிப்பிடுவது பற்றிச் சிறு கையேடு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். ரூப்ரிக் என்ற சொல், அதாவது எழுத்தில் எதையெதைப் பார்ப்பது, அது எந்தெந்த நிலையில் எப்படி இருக்கும் என்று விளக்கும் அட்டவணையின் பெயர், பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'மதிப்பீட்டு அளவுகோல்' என்று சிலர் எழுதுகிறார்கள். "விடைக்குறிப்பு என்று போடுங்கள் அம்மா, எல்லோருக்கும் புரியும்" என்கிறார் எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவர். 'மதிப்பெண் பகிர்வு' என்றும் ஒரு யோசனை வந்தது. மூன்றிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. அச்சுக்குப் போகும் முன் நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

சென்னையிலிருந்து:

அம்மா, மனம் ஒட்டாததில் வியப்பில்லை. அந்த மூன்று சொற்களுக்கும் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது.

விடைக்குறிப்பு என்றதும், விடைத்தாள் திருத்தும் மையத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்தவருக்கு நினைவு வருவது என்ன? இந்த வினாவுக்கு இந்த விடை, அதற்கு இத்தனை மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது பொருந்தும். கட்டுரைக்கு வரும்போது முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்ற எலும்புக்கூடுதான் மிஞ்சும். வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்து இறக்கிவைத்த கட்டுரையிலும் அந்த எலும்புகள் எல்லாம் சரியாகவே இருக்கும்.

மதிப்பெண் பகிர்வு என்பது எண்களைப் பங்கிடுவது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போரின் கட்டுரைகளுக்காக ஹோலி ஜேக்கப்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1981இல் வெளியிட்ட அட்டவணை பலருக்குத் தெரிந்திருக்கும்: கருத்துக்கு 30, அமைப்புக்கு 20, சொல்வளத்துக்கு 20, மொழிப் பயன்பாட்டுக்கு 25, எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி முதலியவற்றுக்கு 5. (ஒற்றுப்பிழைக்கே பாதி மதிப்பெண்ணைப் பிடுங்கும் நம்மவர்கள் அந்த ஐந்தைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ!) ஆனால் இந்த எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த அட்டவணையின் உயிர் போய்விடும். ஒவ்வொரு தலைப்பின் கீழும் நான்கு நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலையிலும் எழுத்து எப்படி இருக்கும் என்பது சொற்களில் சொல்லப்பட்டிருக்கும். அந்தச் சொல்விளக்கம்தான் அதை ரூப்ரிக் ஆக்குகிறது. அது இல்லாமல் 'மிக நன்று, நன்று, சுமார்' என்று கட்டம் போட்டு நிரப்பினால், மதிப்பெண்ணையே எழுத்தால் எழுதியதாகும்.

அளவுகோல் என்ற சொல்லோ எல்லாவற்றுக்கும் போய்வருகிறது. நாளேடுகளில் நாட்டின் வளர்ச்சிக்கும் அதுதான் அளவுகோல், நடிகரின் வெற்றிக்கும் அதுதான் அளவுகோல். தனித்த பொருளுக்குக் கலைச்சொல் தேடும் நாம் இவ்வளவு தேய்ந்த சொல்லிடம் போகவேண்டாம்.

இந்தப் பொருள் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் சொல்லும் எளிதாகக் கிடைக்கும். 1961இல் அமெரிக்காவின் தேர்வு நடத்தும் நிறுவனமான எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸில் பால் டீடரிக், ஜான் பிரெஞ்ச், சிடல் கார்ல்டன் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி முதலாண்டு மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்தார்கள். அவர்களில் பேராசிரியர்கள், எழுத்தாளர்கள், இதழாசிரியர்கள், வழக்கறிஞர்கள், நிறுவன நிர்வாகிகள் எல்லோரும் இருந்தார்கள். எதைப் பார்க்கவேண்டும் என்று எந்த அறிவுரையும் இல்லை. உங்கள் மனத்துக்குப் பட்டபடி ஒன்பது தரங்களாகப் பிரியுங்கள் என்றார்கள். 300இல் 101 கட்டுரைகள் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாத் தரங்களையும் பெற்றன! அதாவது ஒரே கட்டுரை ஒருவருக்கு உச்சம், இன்னொருவருக்கு அடிமட்டம். ஐந்து வெவ்வேறு தரங்களுக்குக் குறைவாகப் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை.

இதைக் கண்டு, கட்டுரையை மதிப்பிடவே முடியாது என்று கைவிரித்திருக்கலாம். அவர்கள் செய்தது வேறு. யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள் என்று பகுத்துப் பார்த்தபோது, வாசித்தவர்கள் ஐந்து கூட்டமாகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டத்துக்குக் கருத்து முக்கியம், இன்னொன்றுக்கு அமைப்பு, மற்றொன்றுக்கு நடையின் சுவை, அடுத்ததற்குப் பிழையின்மை, கடைசிக் கூட்டத்துக்குச் சொல்லாட்சி. அவர்கள் கண்மூடித்தனமாக மதிப்பெண் போடவில்லை. ஒவ்வொருவரும் வேறொன்றைப் பார்த்திருக்கிறார்கள். எதைப் பார்க்கிறோம், அது எந்தெந்த நிலைகளில் தென்படும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளும் வழக்கம் இப்படிப்பட்ட ஆய்வுகளை ஒட்டித்தான் வலுப்பெற்றது.

நம் வகுப்பறைக்கு வருவோம். நான்காம் வகுப்புப் பிள்ளை எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

'நாங்கள் ஊருக்குப் போனோம். தாத்தா வயலைக் காட்டினார். பிறகு மழை வந்தது. பிறகு வீட்டுக்கு வந்தோம்.'

பிழையே இல்லை. அதே பிள்ளை ஏழாம் வகுப்பில்:

'மழை வரும் என்று தாத்தா சொன்னதால் நாங்கள் வயலுக்குப் போகாமல் இருந்தும் மழை வராததால் தாத்தாவின் பேச்சை நம்பிய நாற்றுகள் வாடிப்போய்விட்டது.'

நாற்றுகள் என்ற பன்மைக்கு 'விட்டது' என்ற ஒருமை. சிவப்பு மை பாயும். ஆனால் இந்த வாக்கியத்தில் காரணம் இருக்கிறது, எதிர்பார்ப்பு பொய்த்தது இருக்கிறது, நாற்றுகளும் தாத்தாவை நம்பின என்ற குறும்பு இருக்கிறது. பிழையை மட்டும் எண்ணினால் மூன்று ஆண்டுகளில் இந்தப் பிள்ளை பின்னுக்குப் போயிருக்கிறது! நியூயார்க் சிட்டி காலேஜில் 1970இல் திறந்த சேர்க்கை (பள்ளிப்படிப்பை முடித்தவர்களுக்கெல்லாம் இடம்) தொடங்கியபின் வந்து சேர்ந்த மாணவர்களின் ஆயிரக்கணக்கான தாள்களை வாசித்த மினா ஷானெஸி, 1977இல் எழுதிய நூலில் இதைத்தான் வலியுறுத்தினார்: பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது, புதிதாக ஒன்றை முயல்பவர் அதில் பிழை செய்யவே செய்வார்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல்லில் மதிப்பெண் வரக்கூடாது, விடை வரக்கூடாது. அடுத்தடுத்து அமையும் நிலைகள் வரவேண்டும். என் பரிந்துரை 'தரநிரல்'. நிரல் என்றால் கணினி நிரல்தான் என்று இளைஞர்கள் சொல்லக்கூடும். திருமண அழைப்பிதழில்கூட 'நிகழ்ச்சி நிரல்' உண்டே. கணக்குப் பாடத்தில் அணிகளை நடத்தும்போது நிரை, நிரல் என்கிறோம். நிரல் என்றால் மேலிருந்து கீழாக வரும் வரிசை. ரூப்ரிக் அட்டவணையில் நிலைகள் அப்படிப்பட்ட நிரல்களாகத்தான் பக்கம் பக்கமாக நிற்கின்றன.

மூலச்சொல்லைத் துரத்தவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இலத்தீனில் அது செங்காவி. பழைய கையெழுத்துச் சுவடிகளில் தலைப்புகளைச் சிவப்பில் எழுதியதால் வந்த பெயர். 'செந்நிரல்' என்று யாராவது கிளம்புவதற்குள் தடுத்துவிடுகிறேன். நம் ஆசிரியர்களிடம் சிவப்பு ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, 'நிரல்' எனக்கும் பிடித்திருக்கிறது. 'தரம்' மட்டும் எங்களுக்குச் சரிவராது. இங்கே தரம் என்றால் வகுப்பு. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்றுதான் பிள்ளைகள் முதல் பெற்றோர் வரை சொல்கிறார்கள். 'தரம் 7 தரநிரல்' என்று அச்சிட்டால் பாடத்திட்டமோ வகுப்பு வரிசையோ என்று ஆசிரியர்கள் குழம்புவார்கள். 'நிலைநிரல்' என்றால் என்ன?

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆங்கிலேயர் வழிவந்த பரீட்சை வழக்கில் ரூப்ரிக் என்பது வினாத்தாளின் தலையில் பரீட்சார்த்திக்குத் தரும் அறிவுறுத்தல். பழைய ஆசிரியர்கள் அந்தப் பொருளில்தான் அதைக் கேட்டிருப்பார்கள். இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் 'புள்ளியிடும் திட்டம்' என்ற சொல்லும் இருக்கிறது. அது நீங்கள் விடைக்குறிப்பு என்று சொல்வதற்கு நெருங்கியது, இதற்கு ஆகாது. அசெஸ்மென்ட், இவால்யுவேஷன் இரண்டையும் கணிப்பீடு, மதிப்பீடு என்று நாங்கள் பிரித்து வைத்திருக்கிறோம். உங்கள் கையேட்டில் இரண்டுக்கும் மதிப்பீடு என்ற ஒன்றே வருகிறதா?

கோவையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சொல் எதுவாகவும் இருக்கட்டும். பொருளே தேவையா என்பது என் ஐயம். வளர்ச்சியை அறிய எண்ணினால் போதாதா? கெலாக் ஹன்ட் 1965இல் டி-யூனிட் என்ற அலகை வைத்து எண்ணிக் காட்டினார். ஒரு தலைமை வாக்கியம், அதைச் சார்ந்த கிளைகள் எல்லாம் சேர்ந்தால் ஓர் அலகு. அமெரிக்க மாணவர்களிடம் அதன் சராசரி நீளம் நான்காம் வகுப்பில் 8.6 சொல், எட்டாம் வகுப்பில் 11.5, பன்னிரண்டாம் வகுப்பில் 14.4. அழகாக ஏறுகிறது. ஐம்பத்து மூன்று பேர் சண்டை போடவேண்டியதில்லை, மென்பொருளே எண்ணிவிடும். சென்னை ஐயா காட்டிய ஏழாம் வகுப்பு வாக்கியம்கூட இந்தக் கணக்கில் நான்காம் வகுப்பு வாக்கியங்களைத் தாண்டிவிடும்.

சென்னையிலிருந்து:

யாழ்ப்பாணத்துச் சகோதரி சொன்னது சரி. தரத்தை எடுத்துவிடுவோம், 'நிலைநிரல்' என்றே வைப்போம். கட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு விளக்கமும் 'நிலைவிளக்கம்'. மேலிருந்து கீழாக நாம் பார்க்கும் ஒவ்வொரு தன்மையும் 'கூறு'. கட்டுரையை மொத்தமாக ஒரே நிலையில் வைப்பது முழுமை நிலைநிரல், கூறு கூறாகப் பார்ப்பது கூறுவாரி நிலைநிரல். கணிப்பீடு, மதிப்பீடு பிரிவினை நமக்கும் வந்தால் நல்லதுதான். ஆனால் தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீடு, பருவ முடிவில் வரும் தொகுத்தறி மதிப்பீடு என்று 40, 60 மதிப்பெண்களாகப் பிரித்து, ஆசிரியர் பதிவேடு வரை ஏறிவிட்டது. ஊன்றிப்போன சொல்லை ஒரு கையேட்டுக்காகப் பிடுங்கவேண்டாம். 'வளரறி' நல்ல ஆக்கம். வளரும்போதே அறிவது என்று கேட்டவுடன் பொருள் தருகிறது.

கோவைத் தம்பிக்கு: ஹன்டின் எண்ணிக்கை ஆங்கிலத்துக்கு. தமிழில் எண்ணத் தொடங்கினால் முதல் படியிலேயே தடுக்கும். 'சொல்லிவிட்டுப் போகவேண்டியதாயிற்று' என்பது எத்தனை சொல்? சேர்த்து எழுதுபவருக்கு இரண்டு, பிரித்து எழுதுபவருக்கு நான்கு, ஐந்து. இடைவெளி விடும் பழக்கத்தை அளந்துவிட்டு அதை எழுத்து வளர்ச்சி என்போமா? அலகின் எல்லையைக் கண்டுபிடிப்பதிலும் நமக்குச் சிக்கல் உண்டு, வசதியும் உண்டு. வினையெச்சமாகப் போட்டுக்கொண்டே போய் ஒரு முற்றில் முடிப்பது நம் மொழியின் இயல்பு. எனவே டி-யூனிட்டை 'முற்றலகு' என்று சொல்லிப் பார்க்கலாம். முற்று எங்கே வருகிறதோ அங்கே அலகு முடியும். ஆனால் 'மழை வரும் என்று தாத்தா சொன்னார்' என்பதில் 'வரும்' முற்றாக இருந்தும் அலகை முடிக்கவில்லை. 'அவர் என் தாத்தா' என்பதில் வினையே இல்லை, ஆனாலும் அலகு முடிந்துவிட்டது. இந்த இரண்டையும் விதிக்குள் கொண்டுவந்தால் முற்றலகு ஆராய்ச்சிக்கு உதவும்.

அப்படி எண்ணினாலும் நீளம் நீளம்தான். 'எழுந்து பல் துலக்கிக் குளித்துச் சாப்பிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தேன்' என்ற வாக்கியம் நீண்டது. அதில் எச்சங்கள் ஊர்வலம் போகின்றன, வேறெதுவும் நடக்கவில்லை. தாத்தா வாக்கியத்தில் எச்சங்கள் காரணத்தைச் சுமக்கின்றன. இந்த வேறுபாட்டை எண்ணால் சொல்ல முடியாது, சொல்லால்தான் சொல்லமுடியும். அதற்குத்தான் நிலைவிளக்கம்.

அம்மா, கையேட்டுக்கு மாதிரியாக ஒரு கூறை மட்டும் எழுதிப் பார்த்தேன். கூறு: காரணத்தை இணைத்துச் சொல்லுதல்.

முதல் நிலை: நிகழ்ச்சிகளை நடந்த வரிசையில் சொல்கிறார், 'பிறகு', 'அப்புறம்' தவிர வேறு இணைப்பு இல்லை, வாக்கியங்கள் பிழையின்றி இருக்கலாம்.
இரண்டாம் நிலை: ஏன் நடந்தது என்று சொல்ல முயல்கிறார், நீண்ட வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் பொருந்தாமல் போகலாம்.
மூன்றாம் நிலை: எது காரணம், எது விளைவு என்பது வாசிப்பவருக்கு ஒரே வாசிப்பில் தெரிகிறது, நீண்ட வாக்கியத்தை எங்கே உடைப்பது என்று அறிந்து உடைக்கிறார்.

பிழை உள்ளவர் பிழை இல்லாதவரைவிட மேல்நிலையில் இருப்பதைப் பார்த்துச் சில ஆசிரியர்கள் கோபப்படுவார்கள். பயிற்சியில் அந்த வாதம் நடக்கட்டும்.

திண்டுக்கல்லிலிருந்து:

ஐயாவுக்கும் யாழ்ப்பாணத்து அக்காவுக்கும் நன்றி. நிலைநிரல், நிலைவிளக்கம், கூறு மூன்றையும் ஏற்கிறோம். முற்றலகு எங்கள் கையேட்டில் வராது. கோவை நண்பர் விக்சனரியில் சேர்க்கட்டும்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. மாணவர் தம் வரைவைத் தாமே மாற்றி எழுதுவதற்கு என்ன சொல்வது? 'திருத்துதல்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த ஆசிரியர்கள் எல்லோரும் அது தங்கள் வேலை, மாணவருடையது அல்ல என்று எடுத்துக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஆசிரியர் செய்வதை 'மதிப்பிடுதல்' என்று மட்டும் எழுதுங்கள் தங்கச்சி. கையேடு முழுவதிலும் திருத்துதல் என்ற சொல்லை அவர்களுக்குத் தரவேண்டாம். பிள்ளை செய்வதற்கு 'மீள வரைதல்' என்று எங்கள் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், ஓவியம் வரைவது என்று நினைத்துக்கொண்டார்கள். 'திருத்தி எழுதுதல்' என்று முழுதாகச் சொன்னால் விளங்கிக்கொள்கிறார்கள். வேறு யாரிடமாவது இதைவிடச் சுருக்கமான சொல் இருந்தால் அனுப்புங்கள்.