தோப்புத்தெரு வீடு (குடும்பக் குழு)

மீனா அத்தை: ஞாயிறு காலை பழைய பேப்பர்காரர் வருகிறார். பெயிண்ட் அடிக்கும் முன் அப்பாவின் அலமாரி காலியாக வேண்டும். யாருக்கு என்ன வேண்டுமோ சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது.

செல்வம் சித்தப்பா: தொடர்கதை பைண்டிங் எல்லாம் என்னுடையது

ராஜி: சட்டப் புத்தகம் போகட்டும்

கார்த்தி: மேல் தட்டில் ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து ஆங்கிலப் புத்தகம் எனக்கு! முதல் பாகத்தை அன்றைக்கே எடுத்து வந்துவிட்டேன்.

மீனா அத்தை: நீயா? எலி என்று நினைத்தேன்

கார்த்தி: லாயிட் அலெக்சாண்டரின் பிரைடெய்ன் வரிசை. முதல் பாகம் 'தி புக் ஆஃப் த்ரீ', 1964. பன்றி மேய்க்கும் பையன் டாரன்தான் நாயகன். பன்றி குறி சொல்லும். அவனோடு ஃப்ளெவ்தர் ஃப்ளாம் என்று ஒரு பாணன் சேர்கிறான். குட்டி நாட்டுக்கு ராஜா, ஆனால் ஹார்ப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டான். பாணர் தேர்வில் பெயில். கதையைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் போதும், ஹார்ப்பில் ஒரு நரம்பு அறுந்துவிடும்.

ராஜி: சித்தப்பாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள்

செல்வம் சித்தப்பா: நான் என்ன பொய் சொன்னேன்?

ராஜி: வெள்ளத்தில் நீந்திப் போய்ப் பசுவை மீட்டது

செல்வம் சித்தப்பா: அது உண்மை

கார்த்தி: டங்ங்ங்

மீனா அத்தை: நரம்பு அறுந்தது 😂

லட்சுமி பெரியம்மா: யாருக்கு நரம்பு அறுந்தது? எந்த ஆஸ்பத்திரி??

ராஜி: பெரியம்மா, மேலே படியுங்கள்

கார்த்தி: பெயர்கள் பலவும் வேல்ஸ் நாட்டுப் பழங்கதைகளான மாபினோகியனில் இருப்பவை. அலெக்சாண்டர் அமெரிக்கர், இரண்டாம் உலகப்போரில் படைவீரராக வேல்ஸுக்குப் போனவர். கடைசிப் பாகத்துக்கு 1969இல் நியூபெரி பதக்கம், அமெரிக்காவில் குழந்தைகள் புத்தகத்துக்குத் தரும் பரிசு. குழந்தைகள் புத்தகம்தான், ஆனால் சாவைப் பூசி மெழுகவில்லை.

அபி: மாமா, முடிவைச் சொன்னால் பேசமாட்டேன்

கார்த்தி: முடிவு இல்லை. இரண்டாம் பாகத்தில் ஒரு கறுப்புக் கொப்பரை. செத்த வீரர்களை அதில் போட்டால் எழுந்து வருவார்கள், பேச்சு மட்டும் வராது

மீனா அத்தை: கொப்பரை என்றதும் ஞாபகம் வருகிறது. அம்மாவின் பித்தளை அண்டா யார் வீட்டில்?

ராஜி: ஆரம்பிச்சாச்சு

செல்வம் சித்தப்பா: அண்டா எனக்கென்று அம்மா வாயால் சொன்னது

கார்த்தி: டங்

லட்சுமி பெரியம்மா: படித்தேன். அந்த ஐந்தும் என் புத்தகம். லைப்ரரியில் கழித்த புத்தகங்களை விற்றபோது வாங்கினேன். நாவல் என்றாலே மாமாவுக்கு ஆகாது, அதனால் அவருடைய அலமாரியிலேயே ஒளித்தேன். அங்கே யார் தேடப்போகிறார்கள்?

மீனா அத்தை: அப்பா அப்படியெல்லாம் தடுத்ததில்லை அண்ணி

லட்சுமி பெரியம்மா: உன்னைத் தடுக்கவில்லை

லட்சுமி பெரியம்மா: கார்த்தி, நாலாம் பாகம்தான் உயர்வு. பெற்றோரைத் தேடிப் போகும் டாரன், கொல்லன், நெசவு செய்யும் கிழவி, குயவர் என்று ஒவ்வொருவரிடமும் தொழில் கற்பான். பாண்டம் மட்டும் அவன் ஆசைப்பட்ட மாதிரி வராது.

கார்த்தி: பெரியம்மா!! இத்தனை நாள் சொல்லவே இல்லையே

லட்சுமி பெரியம்மா: யார் கேட்டீர்கள்

மீனா அத்தை: சரி, ஐந்தும் அண்ணிக்கா?

கார்த்தி: நான் முடித்த பிறகு

அபி: அதுக்கு அப்புறம் நான்

மீனா அத்தை: பேப்பர்காரரை வரச் சொல்லவா, வேண்டாமா?

செல்வம் சித்தப்பா: முதலில் அண்டா

ராஜி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா அத்தை: ராஜி, என்ன போட்டு அழித்தாய்? அண்டா உன் வீட்டிலா?